குட்டைக்கரை நேரலை

இந்தக் கல்லூரியில் மாணவர்கள் ஒன்றுகூடி ஒரு காரியத்தைச் சாதித்த இடம் தேர்வு அறை ஒன்றுதான் என்று புகழ்வேந்தன் போனைப் பார்த்து அறிவித்தான்.

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை. இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவனின் குரல்.

போனில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை காலை. பாகூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்த கல்லூரியின் ஆண்கள் விடுதியில் பாதிப் பேர் போர்வைக்குள் இருந்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் நின்றது பெண்கள் விடுதிக்குப் பின்னால், ஆகாயத்தாமரை மூடிய குட்டையின் கரையில்.

குட்டைக்கு அன்று மதியம் வரைதான் ஆயுள். அதற்குள் சுத்தம் செய்து காட்டாவிட்டால் டிப்பர் லாரியில் மண் வரும், மேலே பைக் நிறுத்த ஷெட் வரும் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். குட்டை போனால் பெண்கள் விடுதியின் போர்வெல் கோடையில் காற்றைத்தான் இறைக்கும்.

பசங்க எல்லாம் சேர்ந்து எடுத்துடுவோம் சார் என்று முதல்வருக்கு வாக்குக் கொடுத்தவள் தென்றல். பிள்ளைச்சாவடி மீனவர் வீட்டுப் பெண். கல்லூரி இடம் ஒதுக்கும் சென்டாக் கலந்தாய்வு கடற்கரையிலிருந்து தூக்கி இங்கே வயலுக்குள் போட்டுவிட்டது. அந்த விடுதியில் இன்னும் இரண்டு வருஷம் குளித்தாக வேண்டும். அப்பாவிடம் கெஞ்சி ஒரு பழைய கரைவலையை டாட்டா ஏஸில் வரவழைத்திருந்தாள்.

வலை குட்டையை வளைத்துக் கிடந்தது. ஒரு முனை பூவரச மரத்தில் கட்டியிருந்தது. மறுமுனைக் கயிற்றில் தென்றல், அவளுடைய அறைத்தோழி வெண்ணிலா, விடுதிப் பெண்கள் நாலைந்து பேர், பேண்ட்டை முழங்கால் வரை மடித்த பொருளாதார ஆசிரியர் மணவாளன்.

கல்லூரி முழுக்க அழைப்பு போயிருந்தது. வந்தது இவ்வளவுதான்.

புகழ்வேந்தன் நேயர்களுக்கு எல்லாவற்றையும் முறைப்படி அறிமுகம் செய்தான். இது நம் நீச்சல் குளம், இப்போதைக்குக் கொசுக்களுக்கு மட்டும் அனுமதி. இவர் மணவாளன் சார், போட்ட உழைப்பு திரும்பி வராத தொழில் எது என்று செய்முறையாக விளக்குகிறார். விடுதி அன்பர்களே, தயவுசெய்து எழுந்துவிடாதீர்கள், புரட்சி வந்தால் நானே எழுப்புகிறேன்.

சிரிக்கும் பொம்மைகள் திரையில் மிதந்து ஏறின. பார்ப்பவர்கள் எண்பதைத் தாண்டினார்கள். மடுகரையில் கரும்பு வெட்டுக்குக்கூட அவன் அப்பாவால் இத்தனை ஆள் சேர்க்க முடிந்ததில்லை.

அந்தத் தெம்பில் போனைத் தென்றலின் முகத்துக்கு நேரே நீட்டி, இந்த வரலாற்றுத் தருணத்தில் எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டான்.

“எங்கூர்ல வலை இழுக்கறப்ப கரையில நின்னு பேசறவன காக்கா கணக்குல சேத்துடுவோம்பா,” என்றாள், கயிற்றை விடாமல். “தள்ளி நில்லு. மிதிச்சிட்டா நான் பொறுப்பில்ல.”

காக்கை சார்பில் கேமராவுக்கு ஒரு வணக்கம் போட்டான்.

அப்போதுதான் கயிறு நழுவியது.

வெண்ணிலா சேற்றில் உட்கார்ந்தாள். தென்றலின் குதிகால்கள் கரையில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துப் போயின. மணவாளன் சாரின் கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. விட்டால், விடிந்ததிலிருந்து சேர்த்ததெல்லாம் மறுபடி குட்டை முழுக்கப் பரவிவிடும்.

ஒருவரும் விடவில்லை.

புகழ்வேந்தன் அதைக் கிட்டே போய்க் காட்டினான். பிறகு கேமராவைத் தன் பக்கம் திருப்பி, குட்டைக்கு முதுகைக் காட்டி நின்று, நிறைவுரையை ஆரம்பித்தான்.

நிறைவுரை எடுபடவில்லை. எண்பது அறுபதாயிற்று.

சரக்கு பழசாகிவிட்டதோ என்று முதல்வர் மாதிரி இருமிக் காட்டினான். அறுபது முப்பதாயிற்று.

திரையில், அவன் காதுக்குப் பின்னால், ஒரு லுங்கி ஓடியது.

படத்தைக் கெடுக்கிறானே என்று இரண்டடி தள்ளிப் போனான். இந்தப் பக்கக் காதுக்குப் பின்னால் வாயில் பிரஷ்ஷோடு ஒருவன் ஓடினான். அவனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் கமலக்கண்ணன். சற்று முன்புவரை போர்வைக்குள்ளிருந்து சிரிக்கும் பொம்மை அனுப்பிக்கொண்டிருந்தவன்.

புகழ்வேந்தன் திரும்பிப் பார்த்தான்.

கயிறு முழுக்கக் கைகள். லுங்கி, அரைக்கால் சட்டை, கசங்கிய பனியன். அவனுடைய ரசிகர்கள் மொத்தமும் அங்கேதான் இருந்தார்கள். தண்ணீரோடு நகர்ந்து வந்த பச்சை மேடு கரை விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

கமலக்கண்ணன் பிரஷ்ஷைத் துப்பினான்.

“டேய் புகழு, இன்னாடா பாத்துக்கினு நிக்கிற?”

நேரலையில் இருக்கிறேன் என்று புகழ்வேந்தன் போனைத் தூக்கிக் காட்டினான். காட்டிவிட்டுத் தானும் பார்த்தான்.

பார்ப்பவர் ஒருவர்.

ஒருவரே ஆனாலும் கடமை கடமைதான் என்று சொல்ல வாயெடுத்தான்.

அந்த ஒருவரை அவனுக்கு நன்றாகத் தெரியும். பூஜ்யத்தில் ஆரம்பித்தால் மரியாதையாக இருக்காது என்று, காலையில் பழைய போனில் ‘மழைத்துளி’ என்ற பெயரில் அவனே திறந்துவிட்ட ஐடி. ‘செம அண்ணா, தொடருங்கள்’ என்று முதல் கருத்து எழுதியவரும் அவரே. இப்போது அவனுடைய பேண்ட் பைக்குள் சூடாக இருந்தார்.

இரண்டு போனையும் அணைத்தான். செருப்பைக் கழற்றி, போன்களை அதன்மேல் வைத்தான்.

கமலக்கண்ணனுக்குப் பின்னால் போய், கடைசி ஆளாகக் கயிற்றைப் பிடித்தான்.

முன்னாலிருந்து தென்றல் குரல் கொடுத்தாள். பச்சை மேடு விளிம்பைத் தாண்டி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையில் சரிந்தது.

அடுத்த சுற்றுக்கு வலை விரிக்க நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். அதில் ஒருவன் வாயையே திறக்கவில்லை.