கண்ணளவு

கட்டில் செய்யச் சொல்லி வருகிறவர்களைச் சவரிமுத்து ஆசாரி தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்ப்பார். அவ்வளவுதான், மரத்தை அறுக்கத் தொடங்கிவிடுவார். டேப்பைத் தொடமாட்டார். அளவு ஒரு விரற்கடைகூடப் பிசகாது. தொழிலை எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், "கட்டாய ராணுவ சேவை வருசத்துல" என்பார். அந்த ஒரு வருடம் முழுக்க, எல்லையிலிருந்து லாரியில் வந்திறங்கிய உடல்களுக்குப் பெட்டி செய்ததை மட்டும் சொல்லமாட்டார். ஒவ்வொன்றாக அளக்க அங்கே நேரமில்லை.

இன்று காலை மகன் ஜெரோம் அரசாங்கக் கடிதத்தோடு பட்டறைக்குள் வந்து நின்றான்.

"அப்பா, எனக்கும் வந்துடுச்சு."

சவரிமுத்து சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நிக்காதடா. உக்காரு."

அதற்குள் கண் அளவெடுத்து முடித்திருந்தது.