வாயில் இரும்பு இல்லை

குளச்சல் கடற்கரையில் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. கல்யாண மாப்பிள்ளைகளைச் சுமக்கிற வெள்ளைக் குதிரையின் மேல் முதன்முறையாக ஷாஹினாஸ் உட்கார்ந்திருக்கிறாள். கடிவாள இரும்பு அறுத்த அதன் கடைவாய்ப் புண்ணுக்கு ஒரு மாதமாக மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவியவள் அவள்தான். இனி வாயில் இரும்பு போடக்கூடாது என்று வீட்டில் சண்டை பிடித்தவளும் அவள்தான். மூக்கின் மேல் ஒரு தோல்பட்டை மட்டும் ஓடுகிற புதுக் கடிவாளத்தை மாட்டிவிட்டு, கீழே நிற்கிற புருஷன் அஷ்ஃபாக், "இரும்பு வேண்டாம்ணு சொன்னது நீதானே ஏட்டி? நீயே இருந்து பாரு," என்கிறான். கடிவாள வாரைப் பிடித்த அவள் விரல்கள் வெளுத்திருக்கின்றன. இழுத்தால் இது நிற்குமா என்று அவளுக்குத் தெரியாது. "விட்டிராதீங்க மச்சான்," என்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வள்ளத்தின் இஞ்சின் உறுமுகிறது. குதிரை அஷ்ஃபாக்கின் கையை உதறிக்கொண்டு கடலைப் பார்த்துப் பாய்கிறது. மீன்கூடைகள் உருள்கின்றன, யாரோ அலறுகிறார்கள், "யா அல்லாஹ்" என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையாலும் வாரை இழுக்கிறாள். முழங்கால் தண்ணீரில் குதிரை நின்றுவிடுகிறது. அவள் மெல்லக் கண்ணைத் திறக்கிறாள். தலையை வானத்துக்குத் தூக்கி, இரும்பு கிழித்த நாட்களில் செய்தது போலவே வாயைப் பிளந்துகொண்டு, உடம்பெல்லாம் நடுங்க அது நிற்கிறது. அவள் வாரைத் தளரவிடுகிறாள். "ஒண்ணுமில்ல மக்கா, வாயில ஒண்ணுமே இல்ல," என்று கழுத்தைத் தடவுகிறாள். அது வாயை மூடவில்லை.