பழகின கை

காலை ஆறு இருபதுக்குத்தான் டெக்னீஷியன் ரஞ்சித்குமார் வரமாட்டான் என்று தெரிந்தது. கண்ணமங்கலத்தில் அவன் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

பலராமன் அதற்குள் டயாலிசிஸ் கட்டிலில் படுத்து, இடது கையை நீட்டி, முகத்தைத் துண்டால் மூடியிருந்தார். ஊசியைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும். துண்டுக்கு அப்பால் ரஞ்சித் மழை, மேட்ச் என்று எதையாவது பேசிக்கொண்டிருப்பான். ஊசி இறங்கியதே தெரியாது.

"நான் குத்துறேங்க. வலிக்காது," என்றாள் இன்னொரு டெக்னீஷியன் கலையரசி.

"வாணாம்."

இந்த மையத்துக்கு வந்த முதல் வாரம் பலராமன் அவளிடம் ஊர் கேட்டிருந்தார். முள்ளிப்பட்டு என்றதும் முகம் மலர்ந்தது; பாதி முள்ளிப்பட்டு அவர் கொடுக்கும் பாவு நூலைத்தான் நெய்கிறது. எந்தத் தெரு என்றார். காலனி என்றாள். மெஷினோடு நிறுத்திக்கொள், கையைத் தொடாதே என்று சொல்லிவிட்டார்.

அன்று அவர் மனைவி தேவகி தரையைப் பார்த்தாள். இன்றும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளாக அவருக்கு மூச்சு வாங்கியது. கால் வீக்கத்தில் விரல் வைத்தால் குழி விழுந்தது. இன்றைக்குத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

"ஒருத்தன் பாதி நெய்ஞ்ச சேலைய இன்னொருத்தன் நெய்ஞ்சா கோடு உழும். தறியில அடி மாறிடும்," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "இதுவும் அப்டித்தான். ஒரே ஓட்டை, ஒரே சாய்வு, ஒரே கை. ரஞ்சித்துது பழகின கை. புதுக் கை வந்து கெடுக்கவா?"

அவர் சொன்ன முறை சரி. ஒரே ஆள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி வழி உண்டாக்க வேண்டும். பிறகு மழுங்கிய ஊசியே போதும். அந்த மையத்தில் அதைக் கற்று வந்தவர் ஒருவர்தான்.

கலையரசி தட்டில் இரண்டு மழுங்கிய ஊசிகளை எடுத்து வைத்தாள்.

"ஏந்திரு தேவகி. வூட்டுக்குப் போலாம்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.

தேவகி எழுந்தாள். ஒவ்வொரு முறையும் அந்தத் துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவருபவள் அவள்தான். அதை அவர் முகத்திலிருந்து எடுத்தாள். அவரைப் பார்க்கவில்லை. கலையரசியைப் பார்த்தாள்.

"மூணு மாசமா நீதானேம்மா குத்திகினு கீற. இன்னிக்கும் குத்து. அவரு பாக்கட்டும்."