கழுவிய வலை

செருப்புக் காலோடு வலையின்மேல் ஏறி நின்றுவிட்டார்.

அவளுக்குச் சுரீரென்றது. மீனவர் குப்பத்தில் நடை பழகும் பிள்ளைகூட வலையை மிதிக்காது, தாண்டாது. சுற்றிக்கொண்டுதான் போகும். இவரோ கல்யாண வீட்டு ஜமக்காளத்தில் நிற்பதுபோல நட்டநடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், கால எடுங்க. வலை அது."

"ஓ, சாரிம்மா."

உடனே எடுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டவும் வாய் வரவில்லை.

கப்பலுக்குக் காப்பீடு கொடுத்த கம்பெனி அனுப்பிய சர்வேயர் அவர். துறைமுகத்துக்கு வந்த கப்பல் பாறையில் உரசி, அடிவயிறு கிழிந்து, கறுப்பு எண்ணெயைக் கடலில் கொட்டிப் பதினேழு நாள் ஆகிறது. இன்றைக்குத்தான் சேதத்தைப் பார்க்க வந்திருக்கிறார். உச்சி வெயிலில், அவள் வீட்டு வாசலுக்கு.

குனிந்தார். வலையை இரண்டு விரலால் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா சுத்தமா இருக்கேம்மா."

இருக்காதா பின்னே?

ஒன்பது நாள் கழுவினாள். முதலில் மணலைப் போட்டுத் தேய்த்தாள். அப்புறம் சோப்புத்தூள். அப்புறம் தேங்காய் நார். வலையின் ஒவ்வொரு கண்ணாகத் தேய்த்தாள். கை வெந்து தோல் உரிந்தது. இருமினால் தார் வாடை வந்தது. கருகருவென்று ஒட்டிக்கிடந்த வலையைப் பார்த்துப் பார்த்துப் புருஷனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த முகத்தைச் சகிக்க முடியாமல்தான் கழுவினாள்.

"கழுவுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"கழுவாத துண்டு ஏதாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நான் எதக் காட்டுறது?" உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எண்ணெய் கொட்டினதுக்குக் கப்பல்காரர்தான் பொறுப்பு. சட்டத்துல அது தெளிவா இருக்கு. ஆனா சேதத்த நீங்கதான் நிரூபிக்கணும். நாங்க வந்து பாக்குற வரைக்கும் அப்படியே விட்டிருக்கணும்மா."

அப்படியே விட்டிருக்கணுமாம்!

எச்சில் தட்டைப் பதினேழு நாள் கழுவாமல் போட்டுவைக்கிற வீடு எங்காவது உண்டா? கொட்டினவன் எந்த நாட்டிலோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். கழுவினவள் இங்கே திருட்டுப்பட்டம் வாங்கியவள்போலக் கைகட்டி நிற்கிறாள். நல்ல சட்டம். எழுதின மகராசன் நன்றாக இருக்கட்டும். அவன் வீட்டு வாசலில் ஒரு வாளி, ஒரே ஒரு வாளி கொட்டவேண்டும். துடைக்காமல் காத்துக்கொண்டிருக்கிறானா என்று பார்க்கவேண்டும்.

புருஷன் தேசிங்கு கவிழ்த்துப்போட்ட படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். இருப்பது இந்த ஒரு வலை. இது கெட்டுவிட்டது என்று சர்வேயர் காகிதத்தில் ஏறினால்தான் வேறு வலை. ஏறாவிட்டால் அடுத்தவன் படகில் கூலிக்குப் போகவேண்டியதுதான். அதுவும் எந்தப் படகு இப்போது கடலுக்குப் போகிறது?

சர்வேயர் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார்.

"வலை நல்ல நிலையில் உள்ளது. பயன்படுத்தத் தக்கது."

பயன்படுத்திப் பார்க்காமலா இருந்தார்கள்? நேற்று விடியலில் இதே வலையைத்தான் தேசிங்கு கழிமுகத்தில் விட்டான். இருபது மடவை மீன் விழுந்தது. கரையில் மீன் வாங்க வந்தவள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். மறுபேச்சில்லாமல் கூடையிலேயே திரும்பப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அவள் விருட்டென்று வீட்டுக்குள் போனாள்.

தட்டோடு வந்தாள். சோறு. அதன்மேல் மடவைக் குழம்பு. புளி கெட்டியாகக் கரைத்து, மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டு, பூண்டு தட்டி, ஒரு குறையும் வைக்காமல் வைத்த குழம்பு.

"துன்னுங்க சார்."

"ஐயோ, வேணாம்மா. நான் சாப்ட்டுட்டுதான்..."

"நல்லா கீதுன்னு நீங்க எழுதின வலைல நேத்து வுழுந்த மீனு. ஒரே ஒரு வாய்."

சர்வேயருக்குத் தப்பிக்க வழியில்லை. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார்.

மென்றார்.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு படகின் அந்தப் பக்கம் ஓடினார். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

"தாரு..." என்றார். "அப்படியே தாரு."

"எழுதுங்க சார். இத்த எழுதுங்க."

தலையை ஆட்டினார். தட்டைப் படகின்மேல் வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். முதலில் எழுதிய வரியை அடிக்கப்போனார்.

பதினேழு நாளில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

தேசிங்கு கையை நீட்டித் தட்டை எடுத்தான். விருந்தாளி மிச்சம் வைத்த சோறு. கீழே கொட்டுவதா? நேற்றிலிருந்து அடுப்பில் ஏறியதும் இது ஒன்றுதான். மீனைப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்தான். ஒரு வாய் தின்றான். இன்னொரு வாய். அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

பேனா நின்றுவிட்டது.

"இவரு சாப்பிடுறாரே?" என்றார் சர்வேயர், மெதுவாக.

அந்தப் பேனா அடுத்து என்ன எழுதும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

சாப்பிடுகிறவன் கையிலிருந்து தட்டைப் பறிப்பது பாவம். பகையாளிக்குக்கூட யாரும் செய்யமாட்டார்கள்.

அவள் பறித்தாள்.

சோற்றுக் கையோடு தேசிங்கு நிமிர்ந்து பார்த்தான்.

"துன்னாத," என்றாள். "இவரு எழுதி முடிக்கிற வரைக்கும் துன்னாதய்யா."