நாலு பேருக்கான தொட்டி

இப்படி என் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. மூக்கைச் சுளிக்காமல் கேட்பதாக இருந்தால், ஒரு வீட்டில் கழிவுத் தொட்டி வாங்கின கதையைச் சொல்கிறேன்.

“வீட்ல மொத்தம் எத்தனை தலை?” என்று கேட்டார் தொட்டிக்காரர், காதில் செருகியிருந்த பென்சிலை உருவியபடி.

“நாலு” என்றான் தம்பி.

கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்காவின் ஊசி அப்படியே நின்றது. தம்பி, அவன் பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள், பிறகு அவள். ஐந்தல்லவா?

“நல்லா எண்ணிச் சொல்லுங்க சார். சமையல்காரன் எத்தனை தட்டுன்னு கேப்பான். எனக்கு அதுக்கப்புறமான கணக்கு. பொய் சொன்னா தொட்டி நாலே மாசத்துல காட்டிக் குடுத்துடும்” என்று தொட்டிக்காரர் சிரித்தார்.

தம்பி சிரிக்கவில்லை. “நாலுதாங்க.”

அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. பழைய குழி போன மழையில் பொங்கி, கொல்லை முழுக்க நாறிப்போயிருந்தது.

“அப்ப சின்னதே போதும். நாலுக்கு மேல ஒரு தலை கூடினாலும் பெருசு போடணும். அது கிணத்தை நெருங்கிடும், ஆகாது. முன்வாசல்ல தோண்டணும், படிக்கட்டைப் பேத்தெடுக்கணும்.”

“வேணாம், வேணாம். சின்னதே போடுங்க.” பிறகு பெண்டாட்டியைக் கூப்பிட்டான். “இங்க வாயேன். மூணு வருஷத்துக்கு ஒருதரம் லாரி வெச்சு உறிஞ்சணுமாம். நம்பரை உன் போன்ல போட்டுக்கோ. மூடி எங்க வருதுன்னும் பாத்து வெச்சுக்கோ.”

அவள் நிமிராமலே குறித்துக்கொண்டாள். கண் இமை இரண்டும் வீங்கியிருந்தன.

ஒரு மாதமாகவே இப்படித்தான். அறைக்குள் குசுகுசுவென்று பேச்சு. அக்காவின் நிழல் தட்டினால் நூல் அறுந்தாற்போல நின்றுவிடும். இருவரும் பெரிய ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கினார்கள். திரும்பி வந்ததும் ஒரு காகித உறையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். முதியோர் இல்லத்துக் காகிதமோ என்று அன்றைக்கே அவளுக்குத் தோன்றியது. சீ, புத்தி போகுது பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். இன்றைக்கு அவன் வாயாலேயே வந்துவிட்டதே!

அப்பா அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, அவளுக்குப் பத்தொன்பது. பெண் கேட்டு வந்தவர்களிடம் எல்லாம், “தம்பியும் என்கூட வருவான்” என்றாள். வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். இப்போது அவளுக்கு அறுபது. இந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

எழுந்து உள்ளே போனாள். தையல் மெஷினுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, மாற்றுத்துணியையும் கத்தரிக்கோலையும் அதில் திணித்தாள்.

தொட்டிக்காரரை அனுப்பிவிட்டு வந்த தம்பி வாசலிலேயே நின்றான். “என்னக்கா பண்ற?”

“தொட்டி நிறையறதுக்குள்ள நடையைக் கட்டுறேன்டா.”

“என்ன பேச்சு இது?”

“விரலை மடக்கி மடக்கி உனக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தவளே நான்தான். எங்கிட்டயே கணக்குக் காட்டுறியா? நாலுன்னியே, என் தலை எங்கடா போச்சு? கக்கூஸ் கணக்குலயே எனக்கு இடமில்லன்னா, சோத்துக் கணக்குல எங்கடா இருக்கப்போகுது?”

“அக்கா...”

“நடிக்காத. போன்னு ஒரு வார்த்தை என் முகத்தைப் பாத்துச் சொல்லியிருந்தா போயிருப்பேன். தொட்டிக்காரன் மூலமாவா சொல்லி அனுப்புவ?”

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல, கிழவன் மாதிரி தரையில் உட்கார்ந்தான். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள், அவன் சட்டைக் கழுத்து இரண்டு விரல் தளர்ந்து கிடப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

“முதல்ல உன்னைத்தான்க்கா எண்ணினேன்” என்றான். “அப்புறம் அவ. அப்புறம் பெரியவ, சின்னவ. நாலாச்சா?”

அவள் கையிலிருந்த பை நழுவியது. “அப்ப... நீ?”

“ஆறு மாசம்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா. ஆறு மாசத்துக்காக எதுக்கு ஒரு தலைய எண்ணணும்?”

உங்கள் வீட்டுத் தலைகளை யார் எப்போது எண்ணினாலும், கண்ணுகளா, ஒன்றுகூடக் குறையாமல் இருக்கட்டும்.