இருபது முகப் பகடை

“அரசர்கிட்ட என்ன பண்ணப் போறீங்க, தளபதி?” என்று கேட்டார் ஆட்டத்தை நடத்துகிறவர்.

மேஜையைச் சுற்றி மூன்று பேர். வாயால் கதை சொல்லியே ஆடுகிற ஆட்டம். செய்ய நினைப்பதைச் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பதினைந்துக்குக் குறைந்தால் நினைத்தது நடக்காது.

“இளவரசியை எனக்குக் கட்டிக் குடுங்கன்னு கேக்கப் போறேன்” என்றான் தளபதியாக ஆடிய இளைஞன்.

“போன வாரம் ராட்சசனையே வெட்டிச் சாய்ச்சீங்க. இதுக்குப் போய் ஏன் இப்படி வேர்க்குது? உருட்டுங்க.”

இரண்டு விழுந்தது.

“அரசர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ‘போய் வேலையைப் பாருய்யா’ன்னுட்டார்.”

தளபதியின் முகம் தொங்கிப்போனது. வில்லாளியாக ஆடிய பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

“நான் துணைக்குப் போறேன். கூட ஒருத்தர் உதவினா மறுபடி உருட்டலாம்னு விதி இருக்கில்ல?”

“இருக்கு. நீ எப்படி உதவுவே? அம்பு விடுவியா?”

“அரசர்கிட்ட போய், ‘எனக்கும் இவரைப் பிடிச்சிருக்குப்பா’ன்னு சொல்லுவேன்.”

“அதை இளவரசி இல்ல சொல்லணும்? வில்லாளிக்கு அரசர் என்ன...”

பாதியில் நிறுத்தினார். தன் மகளைப் பார்த்தார். வேர்த்து வழிந்துகொண்டிருந்த தளபதியைப் பார்த்தார்.

தளபதி பகடையை எடுத்தான். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கீழே வைங்க மாப்பிள்ளை. அரசர் சம்மதிச்சாச்சு.”

பிறகு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அரசிகிட்ட நீங்களே பேசிடுங்க. அங்க எனக்கு இதுவரைக்கும் ரெண்டுக்கு மேல விழுந்ததே இல்ல.”