மாமனாரின் ஈரல்

"ஈரல் கெட்டுப்போச்சாம்! நம்ம வீட்டுச் சாப்பாட்டுல ஈரல் கெடுமா?"

சிவப்புக் கோடு போட்ட ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கணவரின் முகத்துக்கு நேரே ஆட்டினாள் சாவோதத். உஸ்பெகிஸ்தானின் மார்கிலான் ஊரில் அந்தத் தெரு முழுக்க அவள் குரல் கேட்டது.

துர்சுன்பாய் தலையைக் குனிந்துகொண்டார். "குடிச்சேன்."

"என்னது?"

"வோட்கா. பட்டறையில, யாருக்கும் தெரியாம. கொஞ்ச நாளாத்தான்."

அடுப்படியில் நின்ற மருமகள் மவ்லுதா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வாழ்க்கைப்பட்டு வந்து அரை வருஷம்கூட ஆகவில்லை. அவளுடைய அப்பா குடித்தே குடும்பத்தை அழித்தவர். குடி வாசனையே இல்லாத வீடு என்றுதான் இந்தச் சம்பந்தத்துக்கே அவள் தலையாட்டினாள்.

அந்த வாரக் கல்யாண விருந்தில் துஆ ஓதி வாழ்த்த வேறொருவரை அழைத்தார்கள். எப்போதும் அது துர்சுன்பாயின் வேலை. மனுஷர் கடைசி வரிசையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மவ்லுதா தன் பங்குக்குக் கோபத்தைக் கோப்பையில் காட்டினாள். பெரியவர்களுக்குத் தேநீரைக் கொஞ்சமாக ஊற்றி, தீரத் தீர மறுபடி ஊற்றுவதுதான் மரியாதை. அவள் விளிம்புவரை ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். அவர் அதையும் முழுசாகக் குடித்தார்.

"குடிகாரன் ஈரலுக்குக் கொழுப்பு ஆகாதாம்மா. எனக்கு மட்டும் தனியா வேகவெச்சுக் கொடு" என்றார்.

குடிக்கிறவருக்குப் பத்தியம் வேறா? பல்லைக் கடித்துக்கொண்டு வேகவைத்தாள். அந்த வீட்டில் எதிர்த்துப் பேச அவளுக்குத் துணிச்சல் கிடையாது. சூப்பில் உப்பு கூடியதற்கே மூத்த மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியவள் சாவோதத்.

சில மாதம் கழித்து மறுபரிசோதனை. "இந்த மனுஷனோட தெருவுல நடக்கவே வெக்கமாயிருக்கு. நீ போயிட்டு வா" என்று மருமகளை அனுப்பிவைத்தாள் சாவோதத்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். "பரவாயில்லையே, நல்லா இறங்கியிருக்கு!"

"குடியை நிறுத்திட்டாருல்ல?" என்றாள் மவ்லுதா வெடுக்கென்று.

"குடியா? இவரா?"

"டாக்டரம்மா..." என்று குறுக்கிட்டார் துர்சுன்பாய். டாக்டர் கேட்பதாக இல்லை.

"இங்க பாரும்மா, ஈரல் சோதனையில ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி.ன்னு ரெண்டு அளவு இருக்கு. குடிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் ஏ.எஸ்.டி.தான் மத்ததைவிட ரெண்டு மடங்கா நிக்கும். இவருக்கு அப்படியே தலைகீழ். ஸ்கேன்லயும் பார்த்தாச்சு, ஈரல்ல படிஞ்சது வெறும் கொழுப்பு. புலாவுல ஆட்டு வால்கொழுப்பை அள்ளிப் போடாதீங்கன்னு அப்பவே சொன்னேனே! வீட்டுல யாரு சமையல்?"

சமைப்பது மவ்லுதாதான். வால்கொழுப்பை அள்ளிப் போடுவது அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். மற்றவர்கள் அதைத் தட்டோரம் ஒதுக்கியபோதும், மருமகள் கைப்பக்குவம் என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் மாமனார் ஒருவர்தான்.

வெளியே வந்ததும் அழுதேவிட்டாள். "என் சமையல்தான் காரணம்னு சொல்லியிருக்கலாமே மாமா! ஊரே உங்களைக் குடிகாரன்னு பேசுதே!"

"பேசிட்டுப் போகட்டும்மா" என்றார் துர்சுன்பாய். "மருமகள்னா பிறந்த வீட்டுக்கு அனுப்பிடுவா. குடிகாரப் புருஷனை உங்க அத்தை எங்கே அனுப்புவா?"